குறுக்கே கிடந்த கல்யாணம்

காலை ஏழு மணிக்குக் கால்வாயில் இருக்கிற அத்தனை படகுகளிலும் ஒரே குரல்தான் கேட்கும். எந்த மதகு திறந்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, எந்தப் பாலத்தடியில் கட்டை மிதக்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று ஒன்றுவிடாமல் சொல்லும் குரல். கால்வாய் ஆபீஸின் மாடியறையில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பதினாலு வருஷமாக அவள் இந்தச் செய்தியை வாசிக்கிறாள். பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும்கூட வாசிக்கிறாள்தான். ஆனாலும் படகுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஏழு மணி’. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைக் கேட்காதவர் கிடையாது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்தப் பெயரால் பெரிய குழப்பம் வந்தது. “சனிக்கிழமை ஏழு மணிக்குக் கல்யாணம்” என்று ஒரு படகுக்காரர் சொல்ல, அது வாய்க்கு வாய் பரவி, முகூர்த்தம் காலை ஏழு என்று பாதிக் கால்வாய் நம்பிவிட்டது. “ஏழு மணிக்குப் பதினோரு மணிக்குக் கல்யாணம்” என்று திருத்திச் சொல்லப்போனவர்களை, காலையிலேயே என்ன இது என்பதுபோலப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை ஆழம் பார்க்கிறவர். சின்ன மோட்டார் படகில் கோடு போட்ட கழியோடு போய், தண்ணீரில் குத்திப் பார்த்து, தினமும் ஆறரைக்கு அவளுக்குப் போன் செய்வார். “பாலத்தடி ஒண்ணு எண்பது மீட்டர். வளைவு ஒண்ணு இருபது.” எட்டு வருஷம் இவ்வளவுதான் பேச்சு. ஒன்பதாம் வருஷத்தில் ஒருநாள், “வளைவு ஒண்ணு இருபது. நீங்க சாப்பிட்டாச்சா?” என்றார். காலை ஆறரைக்கு யார் சாப்பிட்டிருப்பார்கள்? “ஆச்சு” என்று அவள் வாய்கூசாமல் பொய் சொன்னாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்கு வயது முப்பத்தாறு, அவருக்கு முப்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் இனி எங்கே என்று வீட்டார் கைகழுவிவிட்டிருந்த நேரம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அது முடிந்ததும் கால்வாய் ஆபீஸ் படகுத்துறையில் அவள் அண்ணன் படகில் விருந்து. அண்ணனுக்கும் அண்ணிக்கும் படகுதான் வீடு, பூச்செடி வியாபாரமும் அதில்தான். அவள் பிறந்து வளர்ந்ததும் அந்தப் படகிலேயே. மாலை வேண்டாம், அலங்காரம் வேண்டாம், ஐந்நூறு தொட்டி பூவோடு நானே வந்து நிற்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளத்தில் வந்த ஒரு மரம் நாலாம் மதகின் கதவில் மோதி, கீலைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மேல் கால்வாயிலிருந்து கீழ் கால்வாய்க்குப் படகை இறக்கிவிடுவது அந்த மதகுதான். அதற்கு மேலே பதின்மூன்று படகு, கீழே பதின்மூன்று படகு நின்றுபோயின. மேலே நின்றவற்றில் முதல் படகு அண்ணனுடையது; ஆபீஸ் துறையோ கீழே.

“பாப்பா, மூணு வாரம் ஆகுமாமே” என்றார் அண்ணன் வயர்லெஸில்.

“ஆமாண்ணே. நீயும் அண்ணியும் பஸ்ஸப் புடிச்சு வந்துடுங்க.”

“செடிய யாரு பாத்துப்பா? ஒரு வேளை தண்ணி ஊத்தலன்னாலும் தலையத் தொங்கப்போட்டுடும்.”

“அப்ப என் கல்யாணத்துக்கு வரமாட்ட?”

அந்தப் பக்கம் பெட்டி கைமாறியது. பிறகு அண்ணியின் குரல் வந்தது. “அழுதுட்டிருக்காரு பாப்பா. நீ வை. மூக்கைச் சிந்தினதும் பேசச் சொல்றேன்.”

பன்னிரண்டு மணிச் செய்திக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு மனசே சரியில்லை. நின்றுபோன படகுகளின் பட்டியலை இயந்திரம்போல வாசித்தாள். மேலே செங்கல், கீழே போகணும். கீழே வைக்கோல், மேலே போகணும். மேலே நூல் சிப்பம், கீழே. கீழே பள்ளிக்கூட பெஞ்சு, மேலே. பாதி வாசிக்கும்போது நாக்கு நின்றுவிட்டது. தாளில் இரண்டு பத்தியும் எதிரும் புதிருமாக அவளைப் பார்த்துச் சிரித்தன.

ஆபீஸ் எழுதிக்கொடுக்காத ஒரு வார்த்தையையும் பதினாலு வருஷத்தில் அவள் வாசித்ததில்லை. அன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“படகுக்காரங்க எல்லாரும் கேளுங்க. படகுதான் மதகத் தாண்ட முடியாது. ஆளும் சரக்கும் கரையில நடந்து போக நூறு அடிதான். மேல இருக்கறவங்க கீழ இருக்கற படகுல ஏறிக்கலாம். கீழ இருக்கறவங்க மேல இருக்கறதுல ஏறிக்கலாம். கதவு சரியானதும் அவங்கவங்க படகு அவங்கவங்களுக்கு. யாருக்குச் சம்மதம்னு சொல்லுங்க. நான் ஜோடி சேக்கறேன்.”

கீழே மேனேஜர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். படி ஏறி வருவதற்குள் ஒன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

“எந்த சர்க்குலர்ல இருக்கு இது?” என்றார் மூச்சிரைக்க.

“எதுலயும் இல்ல சார்.”

“அப்பறம்?”

“ஒரு நிமிஷம் சார், லைன்ல ஆள் இருக்காங்க” என்று அவள் பத்தாவது ஆளிடம் பேசப்போய்விட்டாள். மேனேஜர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பட்டியலில் கோடு கிழிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கோடு கிழிப்பது பிடிக்கும்.

அடுத்த இரண்டு நாளும் கால்வாய்க்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. தலையணையும் சட்டியும் செங்கல்லும் வைக்கோலும் கரையில் எதிரெதிரே நடந்துபோயின. செய்தி வாசிக்கும்போது ஆழத்தையும் ஆகாயத்தாமரையையும் முடித்துவிட்டு அவள் இப்படியும் வாசிக்க வேண்டியிருந்தது: பச்சைக்கோடு படகில் இப்போது இருப்பவர்களுக்கு, அங்கே கால்மணிக்கொருதரம் அடிக்கிற கடிகாரத்தை நிறுத்த வழியில்லை, சொந்தக்காரர்களே முயன்று தோற்றவர்கள். செங்கல்காரர் கவனத்துக்கு, உங்கள் மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவில் கிடைத்தது. நூல்காரர் வீட்டு ஆடு புதுப் படகில் ஏற மறுத்துப் பழைய படகிலேயே நிற்கிறது. வைக்கோல்காரரின் மாமியாரும் அப்படியே. “என் கட்டில விட்டு எழுந்திருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அந்தப் படகுக்கு மாறி வந்தவர்கள் உடனே கூப்பிட்டு, அந்தம்மா சமையல் பிரமாதம், தயவுசெய்து யாரும் அழைத்துப்போக வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது. மேலே அண்ணனும் கீழே முரசும்தான் பாக்கி.

முரசு என்றால் பள்ளிக்கூட பெஞ்சு ஏற்றி வந்தவர். குசுகுசுவென்று பேசினாலே மறுகரை வரைக்கும் கேட்பதால் அந்தப் பெயர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாலத்தடியில் முரசின் படகு அண்ணன் படகைப் பின்னால் வந்து இடித்துவிட்டது. ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கவில்லை என்று அண்ணனுக்கு ஆத்திரம். நிற்கிற இடமா அது என்று முரசுக்கு ஆத்திரம். அன்றிலிருந்து எதிரெதிரே வந்தால் இவர் இந்தக் கரையைப் பார்ப்பார், அவர் அந்தக் கரையைப் பார்ப்பார்.

“அந்தாள் கை என் சுக்கான்ல பட்டா நான் படகையே கொளுத்திடுவேன்” என்றார் அண்ணன்.

“திங்கக்கிழம பள்ளிக்கூடம் தெறக்குது. பசங்க தரையில உக்காரட்டும், நான் அந்தப் படகுல கால் வைக்கமாட்டேன்” என்றார் முரசு.

இரண்டு பேருக்கும் நடுவில் பேசிப்பேசி அவள் தொண்டை கட்டிப்போனது. ஆழம் பார்க்கிறவர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். “வராட்டியும் பரவால்லைங்க” என்று அவள் சொன்னாள், கண் கலங்க. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் கண்விழித்தபோது படகில் ஒரு மூலையைத் தவிர எங்கும் செடியைக் காணோம். பதறிப்போய் வெளியே ஓடிவந்தார். அண்ணியும் முரசின் மனைவியும் கரையில் ஒரு தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். போகும்போது பூ, வரும்போது பெஞ்சு. நடுராத்திரியிலிருந்து இதே வேலையாம்.

“என்னடி இது?” என்றார் அண்ணன்.

“நானூத்தி எம்பது ஆச்சு. மிச்சம் இருபது தொட்டி நீங்க எடுத்துக்கிட்டு வாங்க” என்றார் அண்ணி. “வராட்டி நானும் அக்காவும் போறோம். ஆம்பளைங்க ரெண்டு பேரும் மதகுல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருங்க.”

அன்று பன்னிரண்டு மணிச் செய்தி முடிந்த கையோடு வயர்லெஸில் அண்ணன் குரல் வந்தது. கால்வாய் முழுக்கக் கேட்கும் என்பதையே மறந்துவிட்டிருந்தார்.

“பாப்பா, புறப்பட்டுட்டோம். ஆனா இந்தப் படகுல பின்னால போற கியரே இல்லையே.”

மறுபக்கமிருந்து முரசின் குரல் பெட்டியே அதிரும்படி வந்தது. “ஆமாய்யா. வாங்கினப்பவே கிடையாது. முன்னாலதான் போகும்.”

“அப்ப அன்னிக்குப் பாலத்தடியில…”

“நிறுத்த முடியல. வேணும்னேவா இடிச்சேன்?”

“அதச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“ரிவர்ஸ் இல்லாத படகோட்டின்னு ஊர் சிரிக்கும்ல.”

ஊர் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இருபத்தாறு படகிலும் சிரித்தார்கள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுபது பேர் பதிவு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். எவ்வளவோ திருத்தியும் பிரயோசனமில்லை. பதினோரு மணிவரை அவர்களைச் சமாளிக்க அந்த ஆபீஸ் காவலர் கதை சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணன் பத்தரைக்குத் துறையில் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட பெஞ்சு ஏற்றுகிற முரட்டுப் படகு முழுக்கப் பூவாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது ஆழம் பார்க்கிறவர் பேனாவை ஆழம் பார்க்கிற கழிபோலச் செங்குத்தாகப் பிடித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிப் பேனாவை அழுத்தியதில் அவள் கையெழுத்து தாளைத் தாண்டி மேஜையிலும் விழுந்தது.

விருந்து ஆரம்பித்தது. எண்பது பேர் ஏற வேண்டிய படகில் நூற்றுப்பத்துப் பேர் ஏறினார்கள். பாட்டு, ஆட்டம், பரிமாறுகிறவர்களே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கலாட்டா. துறையில் கட்டிய கயிறு இறுக்கமாக இருந்ததால் கொஞ்சம் தளர்த்தலாமென்று ஒருத்தர் தளர்த்தினார். இன்னொருத்தரும் அதே எண்ணத்தில் மறு முனையைத் தளர்த்தினார். நாலு மணி வாக்கில் அண்ணி சாம்பார் வாளியோடு நிமிர்ந்து பார்த்தபோது ஆபீஸ் கட்டடம் நகர்ந்துகொண்டிருந்தது.

“கட்டடம் எங்க போகுது?” என்றார்.

கட்டடம் எங்கும் போகவில்லை. படகுதான் தன்பாட்டுக்கு மிதந்து, மெதுவாகத் திரும்பி, முதல் வளைவில் கால்வாய்க்குக் குறுக்கே போய், முன்பக்கம் ஒரு கரையிலும் பின்பக்கம் மறு கரையிலும் பட்டு, பூட்டுப் போட்டமாதிரி நின்றுகொண்டது. அண்ணன் ஓடிப்போய் எஞ்ஜினை முடுக்கினார். அது முன்னால்தான் போகும். முன்னால் மண்மேடு.

அதே நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. மேனேஜர். “நாலு மணி ஆச்சு. செய்தி வாசிக்க ஆளில்ல. நான் வாசிச்சுப் பாத்தேன், எனக்கே புரியல. கொஞ்சம் தயவுபண்ணு.”

அவள் புதுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சுக்கான் அறைக்குள் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நூற்றுப்பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். குரலைத் தெரிந்தவர்கள் முதல்முறையாக அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பேசுவதைப் பார்த்தார்கள்.

“கால்வாய்ச் செய்தி, நாலு மணி. நாலாம் மதகு மூடியிருக்கிறது. ஐந்தாம் மதகு திறந்திருக்கிறது. ஆபீஸ் துறைக்குக் கீழே முதல் வளைவில் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு கல்யாணம் கிடக்கிறது. நீளம் பதினெட்டு மீட்டர். இரண்டு பக்கமும் வழியில்லை. அந்தப் பக்கம் வரும் படகுகள்…” இங்கே அவளுக்குக் குரல் உடைந்தது. சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. “அந்தப் பக்கம் வரும் படகுகள் கரையில் கட்டிவிட்டுச் சாப்பிட வரவும். சாப்பாடு நிறைய இருக்கிறது.”

ஆழம் பார்க்கிறவர் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சே வராத அந்த மனிதர் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, “அடைப்ப எடுக்க அவசரமில்ல” என்றார் கால்வாய் முழுவதுக்கும்.

வந்தார்கள். மேலேயிருந்து ஏழு படகு, கீழேயிருந்து பதினொன்று. ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கலாம் என்பது தெரிந்ததும், கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூடப் பாலம்போல நடந்து கடந்தார்கள். கடந்தவர்களை அண்ணி சும்மா விடவில்லை, கையில் இலையைக் கொடுத்து உட்காரவைத்தார். மேனேஜர் அடைப்புப் பதிவேட்டில் தலைமைப் படகோட்டியின் கையெழுத்து வாங்கவென்று வந்தார். யார் படகோட்டி என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்கும் இலை போட்டாகிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் பதினெட்டுப் படகுக்காரர்களும் பின்பக்கம் கயிறு கட்டி ஒன்றாக இழுத்தார்கள். படகு ஒரு குலுக்கு குலுக்கி விடுபட்டது. கூரைமேல் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மணமக்கள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் கீழேயிருந்து, “பாப்பா, விழுந்துட்டியா?” என்று கத்தினார்.

“இல்லண்ணே” என்றாள் அவள். “இன்னொரு தடவ இழுக்கச் சொல்லு.”