மூன்று சக்கர வண்டியின் அசல் நிலை

பிரெஞ்சுக்காரர் காலத்து மோட்டார் மூன்று சக்கர வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, அது என் கணவர் சவரிராயன் மீது ஒரு முறை ஏற வேண்டியிருந்தது.

மற்ற வேலைகளெல்லாம் முடிந்துவிட்டன. பித்தளை விளக்கு, தோல் இருக்கை, பாரீசிலிருந்து வரவழைத்த எஞ்சின் எல்லாம் பொருந்திவிட்டன. ஆனால் அந்த வண்டி முன்பு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் என் கணவரின் கொள்ளுத்தாத்தா மீது ஏறி அவரைக் கொன்றிருந்தது. அதே வம்சத்து ஆள்மீது அதை மறுபடி நடத்திக் காட்டினால் பழைய வண்டிகளுக்கான போட்டியில் தனி மதிப்பெண்.

வண்டியின் சொந்தக்காரர் ரெனே தேவநாயகம் தாம்பூலத் தட்டோடு வந்து முறையாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்மேல ஏத்திக்குங்க. அவரை விட்டுடுங்க" என்றேன்.

"நீங்க வாழ வந்தவங்கம்மா. டூப்ளிகேட் போட்டா ஜட்ஜுங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

கணவரிடம் கெஞ்சினேன். "நம்ம வீட்டு ஆளைத் தேடி இத்தனை வருஷத்துல யாராச்சும் வந்திருக்காங்களா, செலின்?" என்றார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். சோறு போடாமல் பார்த்தேன். மனுஷன் ஹோட்டலில் தின்றுவிட்டு, சலவைச் சட்டையோடு வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாலையின் குறுக்கே நடந்தார். வண்டி லேசானது. முதல் தடவை சட்டைதான் கசங்கியது. ரெனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பின்னால் போய் மறுபடி வந்தார். என் கணவர் நகராமல் படுத்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தார். கை நிற்கும்வரை வண்டி போய்ப் போய் வந்தது.

அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சாலையோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினேன்.

"வயித்துல மூணு மாசப் பிள்ளையோட என்னை நடுரோட்டுல நிக்க வெச்சிட்டீங்களே! நல்லா இருப்பீங்களா? நாசமாப் போவீங்க!"

சாலையோரம் உட்கார்ந்திருந்த போட்டி நடுவர்கள் மூவரும் எழுந்து நின்று கேட்டார்கள். கொள்ளுப்பாட்டியும் இப்படித்தான் மண்ணை வாரித் தூற்றினாளாம். சாபத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். ஆனால் அவள் நிறைமாதம். சாபம் விட்ட கையோடு அதே இடத்தில் பிள்ளை பெற்றவள். ரெனேவின் முகம் வாடிவிட்டது.

நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். அவசரமில்லை, மீதி மாதங்களையும் இங்கேயே இருந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. என் கணவரைச் சக்கரத்தடியில் அப்படியே விட்டு, மேலே தார்ப்பாய் போட்டார்கள். நிழல் பார்த்து எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.