முன்வாசலில் விழுந்த எச்சில்

ஹாலோஃபீல்ட் கல்லூரித் தலைவரின் மாளிகை, டாக்டர் வெர்னெல் கேட்ஸ்டன் பதவியேற்ற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்வாசலில் வைத்து அவர் மேல் துப்பியது. புகையிலை எச்சில், ஏறக்குறைய அரை டம்ளர், கதவுக்கு மேலிருந்த வெள்ளைச் சுவரிலிருந்து புறப்பட்டு வலது தோளில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. குழாய்க்காரர் இரண்டு நாள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே குழாயே இல்லை என்றார். வேதியியல் துறை அறிக்கை தந்தது: புகையிலை, மனித எச்சில், வயது சுமார் நூற்று ஐம்பது. அறிக்கையைக் கோப்பில் வைத்துக் கோப்பை அலமாரியில் வைத்தார்கள்.

வீடு எல்லார் மேலும் துப்பவில்லை. வெள்ளைக்காரத் தலைவர்கள் பதினெட்டுப் பேர் அந்த வாசலில் உலர்ந்த தோளோடு போய்வந்திருக்கிறார்கள். வெர்னெல்தான் முதல் கறுப்புத் தலைவர். கறுப்பர்களும் அதற்குப் புதிதல்ல. கரோலினாப் புகையிலைக் காட்டுப் பணத்தில், அடிமைகள் சுட்ட செங்கல்லில் எழும்பிய அந்த வீடு, தட்டேந்திய கறுப்பர்களையும் துடைப்பமேந்திய கறுப்பர்களையும் பார்த்துப் பழகியிருந்தது. வெர்னெலின் கணவர் லூஷஸ், பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தோளில் ஏணியோடு நாலு தடவை வாசலைக் கடந்து சோதித்தார். ஒரு துளி விழவில்லை. சாவி போட்டு முன்கதவைத் திறக்கிற கறுப்புக் கையைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

உண்மையில் எச்சிலைவிட ஊர்தான் குமட்டியது. தோளில் பழுப்பு வழிய நிற்கிறவரிடம், இந்த வருஷம் பீச் பழம் நல்ல விளைச்சல் என்று பேராசிரியர்கள் பேசினார்கள். அவர்களுடைய மனைவிமார் கோழியும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த பெரிய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, கண்ணைத் தோள் பக்கம் விடாமல் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒரு கைக்குட்டை நீட்டவில்லை. நீட்டினால் பார்த்துவிட்டதாக ஆகிவிடுமே. நல்ல வளர்ப்பு என்று அந்த ஊரில் இதற்குத்தான் பெயர். த்தூ.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சடங்கு உண்டு. புதிதாகச் சேர்ந்த நானூறு பிள்ளைகளும் வரிசையாகப் படியேறி, முன்வாசலில் தலைவரின் கையைக் குலுக்கி, வீட்டுக்குள் நடந்து பின்வாசல் வழியே வெளியேற வேண்டும். அன்றைக்குத்தான் அவர்கள் ஹாலோஃபீல்ட் பிள்ளைகள் ஆகிறார்கள். அறங்காவலர் குழுத் தலைவர் பிரெஸ்டன் கல்பெப்பர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெர்னெலைப் பார்க்க வந்தார்.

"இந்த வருஷம் கை குலுக்கறத விளையாட்டு அரங்கத்துல வச்சுக்கலாம் மேடம். ஏசி இருக்கு. உங்களுக்கும் ஏரிக்கரையில புது வீடு ஒண்ணு பாத்திருக்கோம். எல்லாம் உங்க வசதிக்குத்தான்."

"இந்த வீட்டுல என்ன வசதிக் குறைச்சல், மிஸ்டர் கல்பெப்பர்?"

கல்பெப்பர் வாயைத் திறந்தார். சொன்னால் பார்த்ததாக ஆகும். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய வீடுகளில் குளிர்காலத்தில் காற்று புகும் என்றார்.

அவர் போனதும் லூஷஸ் கேட்டார், "போயிடலாமே வெர்னெல். ஏரி, மீன், நிம்மதி. எதுக்கு இந்தக் கண்றாவி?"

"போலாம். அந்த வாசல்ல நிக்கலேன்னா இந்தக் காலேஜுக்கு நான் விருந்தாளி. விருந்தாளிய எப்ப வேணா வழியனுப்பலாம்."

லூஷஸ் துணி அலமாரியைத் திறந்தார். "சரி, என்ன போட்டுக்கப் போற?"

"வெள்ளை."

வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டுதான் நின்றார். நானூறு குடும்பங்கள் புல்வெளியில் நின்று பார்த்தன. அவர் சாவியைத் திருப்பியதும் வீடு துப்பியது. தலைவர் பதவிக்கு ஏற்ற அளவில், ஒரு வாளி நிறைய. தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து விரல்களுக்கும் வழிந்தது. அதுவரை தினமும் துடைத்துக்கொண்டவர் அன்று துடைக்கவில்லை. சொட்டச் சொட்ட வலது கையை நீட்டினார். முதல் பையன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா வானத்தைப் பார்த்தாள். கை நீட்டியவரின் கையைப் பிடிக்காமல் விடுவது அந்த ஊரில் பெரிய அவமரியாதை, ஆகவே பிடித்தான். நானூறு பேரும் பிடித்தார்கள். கல்பெப்பரும் பிடித்தார். பின்வாசல் புல்லில் ரொம்ப நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரை வீட்டைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பதினோரு வருஷம் வெர்னெல் அந்த வாசலில் நின்றார். மூன்றாம் வருஷம் பின்வாசலில் துண்டு வைத்தார்கள். ஐந்தாம் வருஷம் கல்லூரிக் கையேட்டில், அடர்நிற உடை நல்லது என்று ஒரு வரி சேர்ந்தது. ஏழாம் வருஷம் பழைய மாணவர்கள் அதை நம்ம பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பழுப்புக் கறை போட்ட பனியன் கல்லூரிக் கடையில் விற்றது. வெர்னெல் ஓய்வு பெற்றார். ஹார்லன் விட்டேக்கர் என்ற வெள்ளைக்காரர் வந்தார், வீடு துப்புவதை நிறுத்தியது, பாரம்பரியம் கெட்டுப்போனதாகக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. விட்டேக்கர் வாசலில் எச்சில் நிறத்தில் ஏதோ கரைத்து ஊற்றிய ஒரு வெள்ளிக் கிண்ணம் வைக்க ஏற்பாடு செய்தார்.

அடுத்த ஆகஸ்டு விழாவுக்கு வெர்னெலைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்கள். விட்டேக்கர் கிண்ணத்தில் விரல் நனைத்து நீட்டினார்.

"உங்க ஞாபகமாத்தான் மேடம் செய்யறோம்."

வெர்னெல் குனிந்து முகர்ந்தார். கரும்புப் பாகும் காப்பியும் கலந்த வாசனை.

"தித்திப்பா இருக்கும்போல," என்றார்.

அப்போது வீடு அவரை அடையாளம் கண்டுகொண்டது. ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து தலையில் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அசலை நேரில் பார்த்த பூரிப்பில் சிலருக்குக் கண் கலங்கியது. வெர்னெல் சொட்டுகிற கையை நீட்டினார். விட்டேக்கர் தன் வெள்ளைச் சட்டைக் கையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், அரையடி பின்னால் நகர்ந்தார். கைதட்டல் ஓய்ந்தது. வெர்னெலுக்கு அவசரம் ஒன்றுமில்லை. வெயில் படியேறும்வரை கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் விட்டேக்கர் பிடித்தார். அவர் விடப் பார்த்தபோது வெர்னெல் விடவில்லை.