தலைமாட்டு நாற்காலி

உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் தலைப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஞானம்மாள் அத்தை கூப்பிட்டாள்.

"இங்க வந்து குந்து கேசியா. மவதானே தலமாட்ல இருக்கணும்?"

கேசியா அசையவில்லை. நேற்று சாயங்காலம் நைனாவும் இதைத்தான் கேட்டார்.

சித்தூரில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா இயேசுதாசன், ஆறு வருஷமாக ஒரே புத்தகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். பெர்லினில் வாழ்ந்த லேனா என்ற யூத டாக்டரின் கதை. மனசைப் பேசவைத்தே ஆற்றுகிறவள். நோயாளியைப் படுக்கவைத்து, அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பாள். நாஜிகள் அவள் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், கட்டிலையும் தூக்கிப்போனார்கள். அவள் தரையில் கம்பளியை விரித்து, வந்தவர்களைப் படுக்கவைத்துக் கேட்டாள், ரயிலேற்றிக் கொண்டுபோன நாள்வரைக்கும். முகாமிலிருந்து திரும்பவில்லை.

சனிக்கிழமைதோறும் திருப்பதியிலிருந்து வரும் மகளிடம் நைனா இதையே சொல்வார். அவள் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள்.

நேற்று, படுத்தபடியே வேறு ஏதோ சொல்ல வந்தார்.

"உங்கம்மா சாவறதுக்கு முன்ன ஒண்ணு நடந்துச்சி. யார்கிட்டயும் சொல்லல. மூஞ்சியப் பாத்துக்கினு சொல்ல வரல. நாற்காலிய தலமாட்ல போட்டுக்கினு குந்து."

"செத்தவங்களுக்குத்தான் தலமாட்ல குந்துவாங்க. சும்மா படு நைனா."

சகுனம் பார்க்கமாட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள்தான். சகுனமாவது மண்ணாவது! அம்மாவைப் பற்றி என்ன வந்துவிடுமோ என்று பயம். அது அவளுக்கே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சரி, காலையில சொல்றேன்" என்று சிரித்தார். காலையில் காப்பியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"ஏண்டி நின்னுக்கினே கீற?" அத்தை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அங்கிருந்து நைனாவின் முகம் தெரியவில்லை. நரைத்த உச்சிமுடிதான் தெரிந்தது. அவராலும் அவளைப் பார்க்க முடியாது. இவ்வளவுதான் கேட்டார். ஒரு நாற்காலியை நாலடி நகர்த்தச் சொன்னார்.

சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாட்டை எடுத்தார்கள்.

"கொஞ்ச நேரம் பாடாதீங்க" என்றாள் கேசியா.

பாட்டு நின்றது. கேசியா நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள். அதன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.