பதினாறாவது பரிசு

"வாசல்ல வெச்ச பரிசைக் குப்பைன்னு சொன்னது யாரு?"

"அணில்தான் சொன்னா."

"எந்த அணில்?"

"ஊராட்சி அலுவலகத்துல உக்காந்திருக்காளே, கழுத்துல பச்சை ரிப்பன் கட்டிக்கிட்டு. அவதான்."

"நேத்து முளைச்ச அணிலுக்கு நம்ம படிக்கட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"நேத்து முளைக்கல, தொகிதா சான். நாலு வருஷமா அங்கதான் இருக்கா."

தொகிதா அம்மாள் கெட்டிலை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். எதிரே சிகுசா இரண்டு கைகளையும் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டும் வெள்ளை வெளேரென்ற மாவுக்கட்டு. தேநீர்க் கோப்பையில் ஒரு உறிஞ்சுகுழல் நின்றது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பதிமூன்று நாட்களுக்கு முன், எரிப்பதற்கென்று தனியாகக் கட்டிய குப்பைப் பையோடு படியிறங்கும்போது சிகுசா வழுக்கி விழுந்தாள். விழுந்தவள் இரண்டு கைகளையும் ஊன்றினாள். இரண்டு மணிக்கட்டும் போயின. அதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம், அன்று காலைதான் அணில் நாலு வருடமாகச் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தாள்.

சிகுசாவின் வேலை மின்சாதனங்களின் கையேடுகளில் பிழை பார்ப்பது. அரிசிக் குக்கர், முடி உலர்த்தி, சூடுபடுத்தும் கழிப்பறை இருக்கை. பன்னிரண்டு வருடங்களில் ஒருவரும் அவளிடம் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னதில்லை. பிழை இருந்தால் தொலைபேசி வரும், இல்லாவிட்டால் அதுவும் வராது. மாலைகளில் அவள் கையடக்க விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, தான் மேயராக இருக்கும் ஹிதாமரி என்ற சிற்றூருக்குப் போய்விடுவாள். அங்கே பன்றியும் தவளையும் ஆடும் குடியிருந்தன. அவள் மரம் நட்டாள், பாலம் கட்டினாள், களை பிடுங்கினாள். நாலு வருடம் அணில் ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். பூ போதாது என்பாள், அடுத்த மாதம் மரம் அதிகம் என்பாள். அன்று காலை முதல்முறையாக, "மேயர் அம்மா, சொல்ல ஒன்றுமே இல்லை. இது உன்னதமான சூழல்" என்றாள்.

அந்த நிலை ஒரு நாள்கூடக் குறையாமல் பதினைந்து நாள் நின்றால் ஊரின் மணிக்கூண்டு மணி தானாக அடிக்கும். இடையில் ஒரே ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும்.

ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு சிகுசா எதிர்வீட்டு தொகிதா அம்மாளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தினமும் களையை மட்டும் பிடுங்கிடுங்க."

அந்த அடுக்குமாடியில் ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கும் வீடுகள் ஒரு குழு; அந்த வருடம் மூன்றாம் படிக்கட்டுக்கு முறைத்தலைவி தொகிதா அம்மாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள்; ஒரு வேலையைத் தனி ஆளாகச் செய்வது அவளைப் பொறுத்தவரை ஒழுங்கின்மை. வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்பு அட்டையில் ரப்பர் பட்டை போட்டு விளையாட்டுப் பெட்டியைக் கட்டினாள். கீழே ஒரு தாள்: களை பிடுங்குதல், பூவுக்குத் தண்ணீர், முடித்த வீட்டின் முத்திரை. மேலே நீர்க்குழாய் பராமரிப்புப் பற்றிய அறிவிப்பு. சிகுசாவைத் தவிர்த்து அந்தப் படிக்கட்டில் குடியிருப்பது ஏழு வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்.

ஏழு வீடும் ஹிதாமரியைத் தலைமேல் வைத்துத் தாங்கின. பன்றி குப்பையைப் பிரித்துப் போடுவதில்லை என்று தொகிதா அம்மாளே நேரில் போய்க் கண்டித்தாள். பன்றி பதிலுக்குச் சட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. தவளை ஊதும் எக்காளம் எட்டு மணிக்குமேல் கேட்கக்கூடாது என்று ஊர் அறிவிப்புப் பலகையில் யாரோ எழுதி வைத்தார்கள். நிலநடுக்க ஒத்திகையும் நடந்தது. ஆடு மட்டும் கலந்துகொள்ளவில்லை. அதன் பெயருக்கு நேரே தாளில் 'காரணம் தெரியவில்லை' என்று குறித்திருந்தது.

வினை வந்தது மரியாதையின் வழியாக.

அறிவிப்பு அட்டையை அடுத்த வீட்டில் வெறுங்கையோடு கொடுக்கும் வழக்கம் அந்தப் படிக்கட்டில் இல்லை. இரண்டு பேரிக்காயோ ஒரு கிண்ணம் அவித்த கிழங்கோ கூடப் போகும். இந்த முறை அட்டையோடு ஒரு ஊரே போனதால், முதல் நாள் தொகிதா அம்மாள் அந்த ஊரிலேயே ஒரு பீச் பழத்தைப் பறித்து, ஊராட்சி அலுவலக வாசலில் வைத்துவிட்டு, தாளில் எழுதினாள்: 'அற்பப் பொருள்தான், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும்.' அதன்பின் எந்த வீடு சும்மா இருக்கும்? இப்போது வாசலில் பீச், பேரி, தேங்காய், ஒரு நண்டு, நேற்று வந்த முலாம்பழம் எல்லாம் இரண்டு வரிசையாக இருந்தன. மொத்தம் பதினைந்து.

"ஏன் யாருமே எடுத்துக்கல?" என்றாள் சிகுசா.

"எப்படி எடுக்கறது? எடுத்தா மேயரோட பையில போகும். பை உங்களோடது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்க பையில மத்தவங்க பரிசைப் போடறதா? அதனால பார்த்தோம், தலை குனிஞ்சு நன்றி சொன்னோம், அங்கேயே விட்டோம்."

"தரையில பதினைஞ்சு வரைக்கும்தான் பொறுப்பாளாம். அதுக்கு மேல ஒண்ணு விழுந்தா ஊர் அசுத்தம்னு அணில் முன்னாடியே சொல்லியிருக்கா. இன்னைக்குப் பதினாலாவது நாள். நாளைக் காலை ஆறு மணி தாண்டிட்டா மணி அடிச்சிடும். ஒரே ஒரு பேரிக்காயை எடுத்துடலாமே."

தொகிதா அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுல ஒரு பேரிக்காய் கோகுரே வெச்சது."

சிகுசாவுக்குப் புரிந்தது. கீழ்வீட்டு கோகுரே அம்மாளும் தொகிதா அம்மாளும் பேசி ஆறு வருடமாகிறது. மேல்மாடிப் பூந்தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டு மெத்தையில் சொட்டிய விவகாரம்.

"முறைப்படி அவ அடுத்த வீட்டுக்கு ஒண்ணு வெச்சா போதும். முறை வந்த ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டு வெச்சா. ரெண்டாவது எனக்குன்னு தாள்ல எழுதியிருந்தா. என் முறை இல்லாத நாள்லயும் பெட்டி இருக்கிற வீட்டுக்குப் போய், அந்தப் பேரிக்காய் இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்." அவள் மூக்கைத் துடைத்தாள். "வேணும்னா எடுங்க. உங்க ஊரு."

பேரிக்காயை எடுக்க முடியாது. பதினைந்தில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கும். எடுப்பதற்கு வழியில்லை என்றால், பதினாறாவது வராமல் தடுக்க வேண்டும்.

"இன்னைக்கு யார் முறை?"

தொகிதா அம்மாள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். "ஐந்தாம் மாடி. மினேகிஷி சான்."

சிகுசா உறிஞ்சுகுழலை வாயிலிருந்து விட்டாள்.

மினேகிஷி ரயில்வேயில் கால அட்டவணை வரைந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடம் முன்பு சிகுசா அவருக்கு மீதமான இரண்டு ஆரஞ்சுகளைக் கொடுத்தாள். நாற்பது நிமிடத்தில் மூன்று இனிப்போடு கதவைத் தட்டினார். அதற்கு அவள் ஊறுகாய் கொடுத்தாள், அவர் கடற்பாசி கொடுத்தார். இன்றுவரை நிற்கவில்லை. மருத்துவமனைக்குக்கூட முலாம்பழம் கொண்டுவந்து வைத்தார். ஆக இப்போது முறை செய்ய வேண்டியவள் சிகுசா.

"அவர் இன்னும் வெச்சிருக்க மாட்டார்," என்று எழுந்தாள் தொகிதா அம்மாள். "இன்னைக்கு நாள்காட்டியில முற்பகல் ஆகாது, பிற்பகல்தான் நல்லது. தெரு ஒலிபெருக்கியில பன்னிரண்டு மணி இசை கேட்டாதான் வைப்பார். மணி என்ன?"

பதினொன்று நாற்பத்தைந்து.

மூன்று மாடி ஏற வேண்டும். கைப்பிடியைப் பிடிக்க முடியாத சிகுசா முன்னால் ஏற, விழுந்தால் தாங்கிக்கொள்ள தொகிதா அம்மாள் பின்னால் வந்தாள். நாலாம் மாடித் திருப்பத்தில் சிகுசா நின்றாள்.

"முதுகுக்குப் பின்னாடி என்ன?"

"ஒண்ணுமில்ல."

"தொகிதா சான்."

"பயறு உருண்டை. ஆறே ஆறு. உதவி கேட்கப் போற இடத்துக்கு வெறுங்கையோட போறதா? எங்கம்மா எழுந்து வந்து அறைவா."

"நாம குடுத்தா அவர் திருப்பிக் குடுப்பார். அதைத் தடுக்கத்தானே போறோம்!"

"தெரியுது. மூளைக்குத் தெரியுது. கை கேட்கல." உருண்டைப் பெட்டியைப் படிமேல் வைத்தாள். நாலு படி ஏறினாள். திரும்பி இறங்கி, அதை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள். "காட்ட மாட்டேன். பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்."

அழைப்புமணியையும் அவளே அழுத்தினாள். கதவு உடனே திறந்தது. மினேகிஷி கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் மடித்த துணி, துணிமேல் திறந்த விளையாட்டுப் பெட்டி. திரையில் ஊராட்சி அலுவலக வாசல் தெரிந்தது. பரிசுகளின் வரிசைக்கு எதிரே, சிகுசாவின் சின்ன மேயர் பொம்மை கைகட்டிக் காத்திருந்தது.

"ஐயோ, கட்டோடவா ஏறி வந்தீங்க? நானே இறங்கி வந்திருப்பேனே. உள்ள வாங்க, தேநீர் போடறேன்."

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தேநீர் குடித்தால் அதற்கும் ஏதாவது செய்ய வேண்டிவரும்.

சிகுசா குனிந்தாள். கைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் வணக்கம் பாதியில் நின்றது. "மினேகிஷி சான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த உங்க முலாம்பழத்துக்கே நான் இன்னும்..."

"அதை விடுங்க. இங்க பாருங்க." அவர் ஒரு பொத்தானை அழுத்திப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சங்கரா மீன் இருந்தது. விசேஷங்களுக்கு முழுசாகப் படைக்கும் சிவப்பு மீன். "காலை ஆறு மணியிலிருந்து கடற்கரையில நின்னேன். முப்பத்தேழு மீன் பிடிச்சேன். ஒரு கிழிஞ்ச பூட்ஸும் வந்துச்சு. அதை முறைப்படி குப்பைத் தொட்டியில போட்டேன். முப்பத்தெட்டாவதுதான் இது."

"அடுத்த வீட்டுக்கா? எனக்கா?" என்றாள் தொகிதா அம்மாள். அவள் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது.

"இல்ல. அடுத்த வீட்டுக்கு இந்த முறை ஒண்ணும் வைக்கல, மன்னிக்கணும். இது சிகுசா சானுக்கு. குணமாகி வீடு வந்ததுக்கு." அவர் காது சிவந்தது. "உயிரோட இருக்கிற ஆளுக்கு நல்லது நடந்து நான் பரிசு குடுத்து ரொம்ப நாளாச்சு. இந்த வயசுல வர்றதெல்லாம் இரங்கல் முறைதான்."

சிகுசா தொண்டையைச் செருமினாள். "அது ஏற்கெனவே என் பையிலதானே இருக்கு? நான் வாங்கிக்கிட்டேன். ரொம்ப நன்றி."

"அதெப்படி? உங்க பையிலயே விட்டா உங்க பொருளை உங்களுக்கே குடுத்த மாதிரி ஆயிடும். வெளிய எடுத்து வெச்சாதான் குடுத்ததாகும்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில்வே கடிகாரம், ஒரு நொடி பிசகாது. "இன்னும் ஒரு நிமிஷம்."

அவருடைய கட்டைவிரல் பொத்தான்மேல் வந்து அமர்ந்தது. தொகிதா அம்மாளின் ஏப்ரனுக்குள் உருண்டைப் பெட்டி ஒருமுறை கிறீச்சிட்டது. திரையில் அலுவலக ஜன்னல் வழியாக அணில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிகுசா நாலு வருடத்தை நினைத்தாள், நாளைக் காலை ஆறு மணியை நினைத்தாள், முப்பத்தேழு மீன்களையும் நினைத்தாள். வெளியே, விளக்குக்கம்பத்து ஒலிபெருக்கி பன்னிரண்டு மணி இசைக்காகக் கரகரத்தது.

அவள் இரண்டு மாவுக்கட்டுகளையும் அவருக்குமுன் சேர்த்து நீட்டினாள்.

"மினேகிஷி சான், பதினோரு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். இந்த ஒரு தடவை மட்டும் எனக்கு ஒண்ணுமே குடுக்காம இருப்பீங்களா?"