ஏரி எழுந்தபோது

காது போன ஆளை வீட்டுக்குள் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் யார் மெதுவாகப் பேசுகிறார்கள்? அவள் கத்துவாள், அவள் புருஷன் கத்துவார், டிவி இரண்டு பேருக்கும் மேலே கத்தும். வேலைத்தளத்தைக் கேட்கவே வேண்டாம். கட்டடத்துக்கு அடியில் இரும்புத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்குகிற யந்திரத்துக்குப் பக்கத்தில் அவருடைய பாதி ஆயுசு கழிந்திருந்தது. அங்கே ஆளுக்கு ஆள் வாயையும் கையையும் பார்த்துத்தான் வேலை. அந்தத் தூணுக்கு அங்கே பைல் என்று பேர்; பைல்காரர் என்றால் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் காது கேட்காது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் திரும்புவார். ஒரு நாள் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது முதுகுப் பக்கம் நின்று, "வீடு தீப்பிடிச்சிருச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் நிதானமாக மறு கன்னத்துக்கு நுரை தடவினார்.

அன்றைக்கே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். "உங்களுக்குக் காது கேக்கல, அப்படித்தானே?"

"எனக்கா? எறும்பு தும்முனாக்கூட எனக்குக் கேக்கும். நீ முணுமுணுக்கறதக் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அது விளையாட்டாக இருந்தவரை போகட்டும் என்று இருந்தாள். இப்போது விளையாட்டு இல்லை. தோள்பட்டை போய்விட்டதால் யந்திரத்துப் பக்கம் அவரை யாரும் சேர்ப்பதில்லை. அவளுடைய தம்பி கிரேன் ஓட்டுகிறவன். அவன் மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று ஒவ்வொருவர் காலையும் கையையும் பிடித்து மாமாவுக்கு சிக்னல் வேலை வாங்கி வைத்திருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம் கிரேன்காரன் கண்ணுக்குத் தெரியாது. அங்கே கீழே ஒருவர் வாக்கிடாக்கியோடு நின்று சொல்லச் சொல்ல, அவன் மேலிருந்து பாரத்தை இறக்குவான். காற்றடித்துப் பாரம் ஆடினால் மேலிருந்து கத்துவான்: ஆளை ஒதுக்கு! அதைக் காதில் வாங்காமல் கீழே ஒருவர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அவள் தினமும் படுக்கையில் நினைத்துப் பார்த்தாள். தினமும் ஒரு ஆள் நசுங்கினான். முகம் மட்டும் வேறு வேறாக இருந்தது.

தம்பியிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிடும். ஆனால் அவர் முன்பே வாயைக் கட்டிப் போட்டிருந்தார். "உன் தம்பிகிட்ட என்னப்பத்தி ஏதாவது ஓதுன, அப்புறம் அவன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன், உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்." சொன்னால் செய்கிற ஆள். புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை, யாரோ பெற்ற பிள்ளையைச் சாகக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

அவள் வேலை பார்த்தது நகருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலச் சரணாலயத்தில். துப்புரவு வேலை. முதலில் கழிவறைகள், பிறகு டிக்கெட் அறை, கடைசியாக ஏரிக்கரையில் பறவை பார்க்கிற மரக்குடில். அவள் துடைப்பத்தோடு அங்கே போகிற நேரத்துக்குப் பார்வையாளர்கள் போயிருப்பார்கள். ஜன்னல் பலகைகளை இறக்கித் தாழ் போட்டிருப்பார்கள். பறவைகளோடு அவளுக்கு இருந்த உறவெல்லாம் கைப்பிடிக் கட்டைகளில் அவை விட்டுப்போன எச்சத்தைச் சுரண்டுவதோடு சரி. குடில் கதவில் ஒரு பலகை உண்டு: 'சத்தம் போடாதீர்கள்'. அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஊரே கத்துகிற இடத்தில் செவிடு மறைந்துகொள்ளும். எல்லோரும் கிசுகிசுக்கிற இடத்தில் எங்கே போய் மறையும்? தம்பியையும் அவரையும் ஒரு மணி நேரம் அந்தக் குடிலில் உட்காரவைத்தால் போதும். தம்பி காதோரம் நாலு வார்த்தை பேசுவான். தானாக வெளுத்துவிடும். அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஊழியர் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா, லீவு நாள்ல கூடவா வேல செய்ற எடத்துக்கு வருவ?" என்றான் தம்பி, நாணலுக்கு நடுவே போட்டிருந்த பலகைப் பாதையில் நடந்தபடி. "அடுத்த வாரம் எல்லாரும் வாங்க, கிரேன் மேல ஏறி உக்காந்து சிமெண்டு மூட்டை பாக்கலாம்."

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அந்தச் சின்ன இடைவெளியைத் தம்பி கவனித்தானா என்று திரும்பிப் பார்த்தாள். அவன் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

குடிலுக்குள் இருட்டாக இருந்தது. முக்காலியில் தூரநோக்கி வைத்து ஒருவர், கழுத்தில் பைனாகுலரோடு வயசான தம்பதி, கோடியில் பச்சை உடுப்பில் சரணாலயக் காவலர் அம்மா. ஒருவரும் பேசவில்லை. காவலர் அம்மா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எழுந்து வந்து அவர்கள் எதிரில் இருந்த ஜன்னல் பலகையை மெல்லத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.



தண்ணீர் தெரிந்தால்தானே ஏரி என்று சொல்ல? எதிர்க்கரை வரை உயிர் கொட்டிக் கிடந்தது. குடில் சுவரில் மாட்டியிருந்த படப்பலகையில் தினமும் அவள் தூசி தட்டுகிற பறவைகள் எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கரி நிறத்தில் நாமக்கோழிகள், நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளை. ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே நட்டு நின்றன. கைப்பிடி அளவு முக்குளிப்பான் ஒன்று கண்ணெதிரே முழுகி, எங்கேயோ போய் எழுந்து, தலையை உதறிக்கொண்டது. பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து ஈரத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவுக்கும் மேலே ஒரு ஓசை. சந்தை கூடுகிற நேரத்தில் தூரத்திலிருந்து கேட்கிற இரைச்சல் போல, ஆனால் அதில் சண்டை இல்லை, பேரம் இல்லை. இத்தனை நாளும் இந்தப் பலகைக்கு மறுபக்கம் இது நடந்துகொண்டா இருந்தது? அவள் இங்கே பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தாளே!

எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஞாபகம் வந்தபோது தம்பி மாமாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். தம்பிக்கு அது போதுமாக இருந்தது. அவனும் வாயைப் பிளந்து வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தப்புக் கணக்கு போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கே பேச்சே கிடையாது. பேச்சில்லாத இடத்தில் காது இருந்தால் என்ன, போனால் என்ன? பார்க்கப்போனால் அந்தக் குடிலில் அவருக்குத்தான் கண் கூர்மை. தூரநோக்கிக்காரர் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அவர் விரலை நீட்டினார். எதிர்க்கரை நாணலுக்கு மேலே, சிறகை அசைக்காமல் ஒரு பருந்து தாழ வந்துகொண்டிருந்தது. ஏரியில் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அந்த இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது.

குடிலுக்குள் ஒருவரும் அசையவில்லை.

அவர் முகத்தை அவள் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் அவர் அவள் பக்கம் சாய்ந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல அவள் காதருகே குனிந்தார்.

"ஏய், பாருடீ! எவ்ளோ!"

யந்திரத்தின் சம்மட்டிக்கு மேலே ஆள் காதில் விழுவதற்காகப் பழகிய குரல் அது. அவருக்கு அது கிசுகிசுப்பு. குடிலின் பலகைகள் அதை வாங்கி ஏரியின் மேல் எறிந்தன.

முதலில் கரையோரம் ஒரு வரிசை எழுந்தது. பிறகு அதற்கடுத்தது. பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. பாயைச் சுருட்டுவதுபோல ஏரியின் மேல்தோல் ஒரு முனையிலிருந்து உரிந்து ஆகாயத்துக்குப் போனது. லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் அது கீழிருந்து மேலே கொட்டியது. வெளிச்சம் குறைந்தது. சேற்று வாசனையோடு காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அறைந்தது. பெஞ்சு நடுங்கியது. அவள் பற்கள் ஒன்றோடொன்று தட்டின. எழுந்த கூட்டம் திரும்பியபோது ஆகாயம் முழுக்க ஒரே வீச்சில் கருப்பிலிருந்து வெள்ளியாக மாறியது. தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. பயமா, சந்தோஷமா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அவர் இரண்டு கைகளையும் ஜன்னல் கட்டையில் ஊன்றி எழுந்து நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கேக்குது!" என்று கத்தினார். "ஏய், எனக்குக் கேக்குதுடீ! மாப்ளே, எனக்குக் கேக்குது!"

தம்பி வானத்திலிருந்து கண்ணை எடுத்து மாமாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"அக்கா. அப்ப இவ்ளோ நாளா?"

"கேக்காது" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் போய் ஆளாளுக்குக் கெஞ்ச வுட்ட! அந்த எடத்துல நாளைக்குக் கீழ எட்டுப் பேரு நிப்பானுங்க. நான்தான்க்கா இறக்குவேன். என் கையாலக்கா!"

காவலர் அம்மா வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "என்னய்யா மனுஷன் நீ? எழுதிப் போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? உன் வீட்டு ஆளாம்மா இது?"

அவர் அந்த உதடுகளையே பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று அவருக்கு அந்த மூன்று முகங்களும் சொல்லியிருக்க வேண்டும்.

"நான்தாம்மா கத்திட்டேன்" என்றார், இன்னமும் கத்திக்கொண்டே. "கத்துறேன்னு எனக்குத் தெரியல. காது செத்து ரொம்ப நாளாச்சு." பிறகு மச்சானிடம் திரும்பினார். "திங்கக்கெழம நான் வரல மாப்ளே. வேற ஆளப் பாத்துக்க. என்னை நம்பி எதையும் இறக்காத."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அவனுக்கும் இனிமேல் சூப்பர்வைசரிடம் சொல்ல ஒரு கதை வேண்டும். அக்கா வீட்டிலும் ஒருத்தி சம்பளத்தில்தான் இனி காலம் ஓட வேண்டும். தோளும் காதும் போன ஆளுக்கு எந்தத் தளம் கதவு திறந்து வைத்திருக்கிறது?

காவலர் அம்மா என்ன நினைத்தாளோ, "உக்காருங்க. திரும்பி இறங்கும். இனிமே வாயத் தெறக்காம இருக்கச் சொல்லு" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

ஆகாயத்தில் கூட்டம் பெரிய வட்டமாகச் சுற்றியது. பருந்தைக் காணோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் தாழ்ந்தது. முதல் சில வாத்துகள் காலை முன்னால் நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. பின்னாலேயே வானம் துண்டு துண்டாக ஏரிக்குள் விழத் தொடங்கியது.

அவர் அவள் தோளைத் தொட்டார். தொண்டையை அடக்கி, அடக்கி, வெறும் காற்றாகக் கேட்டார்.

"இதுக்குத்தான் எங்கள இங்க கூட்டிட்டு வந்தியா?"

அவள் மறைக்கவில்லை. தலையை ஆட்டினாள். அடிப்பாரோ, எழுந்து போய்விடுவாரோ, சொன்னபடி இனி முகத்தில் முழிக்கவே மாட்டாரோ என்று காத்திருந்தாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தைத் தாண்டி வெளியே பார்த்தார். இறங்குகிற கூட்டம் இப்போது மழை மாதிரி இருந்தது.

"தள்ளி உக்காரு," என்றார். "மறைக்குது."