தகரக்கடை பீர் முஹம்மதுவின் வெயில் பெட்டி

தகரக்கடை பீர் முஹம்மதுவால் இப்போது மகள் முகத்தைப் பார்த்து ஒரு வாய்த் தண்ணீர் கேட்க முடியவில்லை. கடையிலிருந்து வருகிறார், குனிந்த தலையோடு உள்ளே நுழைகிறார், தானே பானையில் மொண்டு குடிக்கிறார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். இத்தனைக்கும் மனுஷர் பெரிய வாயாடி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பின்சந்தில் அவர் குரல் எட்டாத வீடே கிடையாது. அந்த வாய்தான் அவரை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டது.

மாடியில் இருக்கும் வெயில் பெட்டியால் வந்த வினை என்று சந்தில் சொல்லிக்கொண்டார்கள். பாவம், பெட்டி என்ன செய்யும்? அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கிறது.

மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி நிமிர்த்தி, இரண்டிரண்டு தகடாக, நடுவில் விரல் நுழையும் சந்து விட்டுச் சேர்த்து, ஓரமெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். மேலே விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூச்சு. மாம்பழப் பெட்டிப் பலகையில் ஒரு கூடு. அதற்குள் இந்தத் தகரத்தைப் படுக்க வைத்து, பழைய படங்களிலிருந்து கழற்றிய கண்ணாடியால் மூடி, தெற்கே பார்த்துச் சாய்த்துவிட்டார். அடியில் பச்சைத் தண்ணீர் புகும். காயக் காய அது தானாகவே மேலேறி, உமி அடைத்த பெட்டிக்குள் இருக்கும் பெரிய டின்னில் போய் நிற்கும். சாயங்காலம் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. ஒரு சுள்ளி செலவில்லை, ஒரு பொட்டுப் புகையில்லை. ஊரே சித்திரை வெயிலைச் சபித்துக்கொண்டு நிழலுக்கு ஓடும்போது, இவர் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் நின்று சிரிப்பார்.

"மாம்பலத்துல புதுசு புதுசா பங்களா கட்டிக்கினு கீறானுங்க. ஒவ்வொரு மாடியிலயும் நம்ம பொட்டி ஒக்காரப் போவுது பாரு" என்று மனைவி மைமூனிடம் சொல்வார்.

"மொதல்ல நம்ம ஜனங்க ஒத்துக்கட்டும்" என்பாள் மைமூன்.

அங்கேதான் சிக்கல். வெயிலில் தகரப் பாத்திரத்தில் காய்ந்த தண்ணீரைச் சூட்டோடு மேலுக்கு ஊற்றினால் தோலில் வெள்ளை விழும் என்று அந்தச் சந்து முஸ்லிம்கள் படித்த மார்க்க நூல்களில் ஒரு பேச்சு உண்டு. ஹராம் என்று யாரும் சொல்லவில்லை; மக்ரூஹ், அதாவது தவிர்த்தால் நல்லது. அவ்வளவுதான். ஆனால் 'தவிர்த்தால் நல்லது' என்பது சந்தில் நாலு பெண்கள் வாயில் விழுந்து எழுந்தால் என்ன ஆகும்? பீர் முஹம்மது வீட்டுத் தண்ணீர் பட்டால் குஷ்டம் வரும் என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாடக்கூட விடவில்லை.

"கிதாபு எழுதுன மகான் என் பொட்டியப் பார்த்தாரா? ஆற வெச்சு ஊத்திக்கினா ஒண்ணுமில்லன்னும் அதுலயே எழுதிகீது. அத எவனாவது படிச்சானா?" என்று பீர் முஹம்மது கத்துவார். கத்தி என்ன? ஒரு பெட்டியும் விற்கவில்லை.

கடைசியில் கை கொடுத்தவர் பள்ளிவாசல் ஜமாஅத்தின் தலைவர் ஹபீபுர் ரஹ்மான் சாயபு. உருது பேசுகிறவர், வேறு மத்ஹபுக்காரர், அதாவது மார்க்கச் சட்டத்தில் வேறு வழியைப் பின்பற்றுகிறவர், வேடிக்கையான மனுஷர். இறந்தவர்களைக் குளிப்பாட்ட வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்து அவருக்கு அலுத்துவிட்டது. "மய்யத்துக்கு வெள்ளை வுழுந்தா இன்னா, வுழலன்னா இன்னா, பீர் மியான்? ஒரு நாள் வந்து பார்க்கறேன். நல்லாருந்தா மய்யத்து ரூமுக்கு ஒண்ணு போட்ருவோம்" என்றார்.

பள்ளிவாசலே பெட்டியை ஏற்றுக்கொண்டால் அப்புறம் எவள் வாய் திறப்பாள்? பீர் முஹம்மதுவுக்குத் தூக்கமே வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மனுஷர் பழைய குழாயை மாற்றிப் புதுப் பித்தளைக் குழாய் வைத்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. நவச்சாரம் போட்டுத் தேய்க்காமலே ஈயத்தை வைத்து இழுத்துவிட்டு ஓடினார். அழுக்கு போகாத தகரத்தில் ஈயம் பிடிக்காது, பிடித்தது போலப் பாசாங்கு காட்டும். இது தெரியாத தகரக்காரன் மதராஸ் பட்டணத்தில் உண்டா? அவருக்கும் தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

மகள் குல்சும் அன்று சாயங்காலம் குழாயைத் திருகினாள். குழாய் கையோடு வந்துவிட்டது. கொதிக்கக் காய்ந்திருந்த தண்ணீர் மணிக்கட்டு முழுக்கக் கொட்டியது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பீர் முஹம்மது பதறிப்போய் ஓடி வந்து தேங்காய் எண்ணெய் தடவினார், ஊதினார், கண்ணீர்கூட விட்டார். விட்ட கையோடு என்ன சொன்னார் தெரியுமா?

"வெளிய யார் கைலயும் சொல்லிடாதம்மா. பொட்டிதான் சுட்டுச்சுன்னு சாயபு காதுல வுழுந்தா எல்லாம் போச்சு."

"சொல்ல மாட்டேன் வாப்பா" என்றாள் குல்சும்.

புண் ஆறிற்று. ஆறின இடம் மட்டும் வெளுத்து, ஒரு இளவெற்றிலை அளவுக்கு வெள்ளையாக நின்றுவிட்டது. போகப் போக நிறம் வந்துவிடும் என்று மைமூனிடம் சமாதானம் சொன்னார். ரவிக்கைக் கையை நீளமாகத் தைத்துக்கொண்டாள் பெண்.

இந்த நேரத்தில்தான் ராயப்பேட்டையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் ஷரீஃப், புத்தகம் பைண்டு பண்ணுகிற கடையில் வேலை. குல்சும் எதற்கும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டவளில்லை. ஏதோ கல்யாண வீட்டில் அந்தப் பையனைப் பார்த்திருக்கிறாள் போல. மைமூன் கேட்டதும் "சரிம்மா" என்று உடனே சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்த்து மைமூன் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பையனின் தாய் ஜைனம்பு, உறவுப் பெண்களோடு பார்க்க வருவதாகச் சேதி அனுப்பினாள். பீர் முஹம்மது அடக்கமாக இருந்திருக்கலாம் அல்லவா? அதே நாளில் ஹபீபுர் ரஹ்மான் சாயபுவையும் பெட்டி பார்க்கக் கூப்பிட்டார். வருகிற சம்பந்திக் கூட்டத்துக்கு எதிரில் ஜமாஅத் தலைவர் தன் கைவேலையை மெச்ச வேண்டும் என்று ஆசை. ஆசை யாரை விட்டது!

சாயபு மாடி ஏறிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், "வாஹ்" என்றார். இறங்கி வந்து முன்னறையில் உட்கார்ந்து சர்பத்தைக் கையில் எடுத்தார். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். எதிர்வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்திருந்தாள், வராமல் இருப்பாளா?

ஜைனம்பு பெண்ணின் வாயில் சர்க்கரை போட்டாள். பூ வைத்தாள். தான் கொண்டுவந்த வளையலைப் போடக் கையைப் பிடித்து ரவிக்கைக் கையை மேலே ஒதுக்கினாள்.

"இது இன்னாது, வெள்ளையா கீது?"

"நான் தலப்பாடா அடிச்சிக்கினேனே! வெயில் தண்ணி, வேறின்னா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. திரைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

சாயபு சர்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பீர் முஹம்மதுவைப் பார்த்தார். வேடிக்கை முகம் மாறிப்போயிருந்தது. உள்ளே மைமூன், "அது ஒண்ணுமில்ல, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அவளை முடிக்க விட்டாரா பீர் முஹம்மது? குழாய் கழன்ற கதை வந்தால் வேலை மட்டம் என்று ஆகும். வெயில் தண்ணீர் என்றால் பெட்டியே நாசம். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று அவர் வாயில் தானாக வந்து நின்றது. பிறவியில் வந்த அடையாளம் என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அந்த நொடியில் தோன்றியதாம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "பொறந்ததிலேர்ந்தே கீது அது! பொட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடயாது!"

"அப்படியா, அல்ஹம்துலில்லாஹ்" என்று சாயபு மூச்சு விட்டார். பள்ளிவாசலுக்கு ஒன்று செய்துவிடும்படி அங்கேயே சொல்லிவிட்டார். பீர் முஹம்மது நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார்.

உள்ளே கணக்கு வேறாக ஓடியது. சுட்ட வடு என்றால் சுட்ட வடு, அதோடு போயிற்று. பிறவியிலேயே வெள்ளை என்றால் அது ரத்தத்தில் இருப்பது, நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கும் வருவது. ஜைனம்பு வளையலை மெல்ல மடியிலேயே வைத்துக்கொண்டாள். நல்லபடியாகப் பேசினாள், நல்லபடியாக எழுந்தாள், போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு மைமூன் கணவனைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல வேண்டாம். குல்சும் மட்டும் வந்து, "பள்ளிவாசலுக்குப் பொட்டி உண்டா வாப்பா?" என்று கேட்டாள்.

"உண்டும்மா."

"நல்லது" என்றாள். அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பள்ளிவாசல் பெட்டியை அவர் செய்து பொருத்தினார். ஒவ்வொரு இணைப்பையும் நவச்சாரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பற்றவைத்தார். தொழ வந்தவர்கள் தோளில் தட்டி மெச்சினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் உடம்பு கூசியது. இந்த மெச்சலுக்காகவா பெற்ற பெண்ணின் உடம்பில் இல்லாத நோவை எழுதி ஒட்டினேன் என்று நினைக்கும்போது, நெற்றியைத் தரையில் வைத்தால் எடுக்கவே தோன்றவில்லை. இதற்குள் 'இடம் ஒத்துவரவில்லை' என்று ராயப்பேட்டையிலிருந்து சேதியும் வந்துவிட்டது. குல்சும் அதைக் கேட்டுவிட்டுத் துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு டிராம் ஏறி ராயப்பேட்டைக்குப் போய்விட்டார்.

ஜைனம்பு கதவோரம் நின்று பேசினாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். பீர் முஹம்மது மோரைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். நவச்சாரம் போடாதது, குழாய் கழன்றது, வெளியே சொல்லாதே என்று பெண் வாயை அடைத்தது, சாயபு முன்னால் மானம் போகக் கூடாதென்று பொய் சொன்னது. இத்தனை வயதுக்கு அவர் இப்படி எவர் முன்னாலும் நின்றதில்லை.

ஜைனம்பு பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

"அண்ணே, பொண்ணக் கரையேத்த ஒரு வாப்பா இன்னா வேணும்னாலும் சொல்வாரு. அத நான் தப்பா எடுத்துக்கல. ஆனா அன்னிக்கு யோசிக்காம பட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அதான் நெசம்."

"இல்லம்மா, அதான் பொய். வல்லாஹி, அதான் பொய்."

"சத்தியம் எல்லாம் வேணாம்ணே. எந்த வாப்பாவாவது தன் பொண்ணுக்கு இல்லாத நோவு கீதுன்னு நாலு பேர் முன்னால சொல்வாரா?"

"நான் சொன்னேம்மா!"

"சொல்ல மாட்டாருண்ணே" என்றாள் ஜைனம்பு, ஆறுதல் சொல்வது போல. "நீங்க நல்ல மனுஷன். உங்க பொண்ணும் தங்கமான பொண்ணு. அல்லா வேற எடம் காட்டுவான்."

நல்ல மனுஷன் என்று அவள் நம்பியதால்தான் அவர் சொன்ன உண்மை எடுபடவில்லை. டிராமுக்குக் காத்திராமல் மயிலாப்பூர் வரைக்கும் நடந்தே வந்தார்.

வீட்டில் குல்சும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க வாப்பா, கட பூட்டிக் கெடக்குதாமே?"

மறைக்கத் தெம்பில்லை. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமலே சொன்னார். போனதை, சொன்னதை, ஜைனம்பு பதில் சொன்னதை.

"நம்பல. எந்த வாப்பாவும் அப்படிச் சொல்ல மாட்டாருன்னுட்டாங்க."

குல்சும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பில்ல வாப்பா. அன்னிக்குத் திரைக்குப் பின்னால நீங்க சொன்னது கேட்டுச்சில்ல? வாப்பா சொல்றாரே, நெசமாவே பொறந்ததிலேர்ந்து கீதோன்னு நானே ஒரு நிமிசம் கையத் திருப்பிப் பார்த்தேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.