கிட்டங்கி சர்வர் எழுந்திருக்கவில்லை

விஜிதா மறுபடியும் அதே கட்டளையைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை. எட்ட முடியவில்லை என்று திரை கையை விரித்தது.

அவள் இருந்தது சங்கரன்கோவிலில், கீழே விசைத்தறி ஓடும் வீட்டின் மாடியில். அவள் எழுப்பப் பார்த்த சர்வர் இருந்தது சிவகிரிக்கு வெளியே, எலுமிச்சையைச் சேமித்து வைக்கும் ஒரு கிட்டங்கியில். குளிர் அறைகளில் எத்தனை டிகிரி என்று கண்கொட்டாமல் பார்த்துச் சொல்லும் லினக்ஸ் பெட்டி அது. சாப்பாட்டுக்குப் பிறகு கேரளா வியாபாரியை அழைத்து வந்து அந்தத் திரையைக் காட்டப்போவதாக முதலாளி துரைப்பாண்டி சொல்லியிருந்தார். இனி ஒரு தடவை படுத்துக்கொண்டால் வேலை கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போய்விடும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய இடமில்லை அது. மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் மெசேஜோடு சரி. அம்மாவும் போன பிறகு அந்த மாடியில் மனிதக் குரல் என்று கேட்பது கிட்டங்கிக் கணக்கர் ஞானபூரணத்தின் போன் மட்டும்தான்.

எங்கே பிசகியது? சற்று முன்புதான் இங்கிருந்தே அதில் புது லினக்ஸ் வெர்ஷனை ஏற்றி ரீஸ்டார்ட் கொடுத்திருந்தாள். அப்படி மாறும்போது நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடும். பழைய பெயரைத் தேடி அமைப்புகள் அந்தரத்தில் நிற்கும். அதற்காகவே கார்டின் முகவரியோடு பெயரைக் கட்டிப்போட்டிருந்தாள். அதுவும் பலிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய அமைப்பைத் தானாகவே திரும்பக் கொண்டுவர ஏற்பாடும் செய்திருந்தாள். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது. பெட்டி வாய் திறக்கவில்லை.

போனை எடுத்தாள்.

ஞானபூரணம் முதல் மணியிலேயே எடுத்து, உன் மிஷின் ஆஃப் ஆகி, ஆன் ஆகி, பேர் கேட்டுக்கிட்டு நிக்கு, சோறு கேட்கலை, அதுதான் பாக்கி என்றாள். விஜிதா சிரிக்கும் நிலையில் இல்லை. பாஸ்வேர்டைச் சொல்லி, ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டச் சொல்லி, திரையில் வந்ததைப் படிக்க வைத்தாள். ஞானபூரணம் ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோல் இழுத்து இழுத்துப் படித்தாள்.

விஜிதாவின் முதுகு நிமிர்ந்தது. பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். வேலை செய்யவேண்டியதில் கேபிளே இல்லை என்கிறது. சும்மா கிடந்த இரண்டாவதில் உயிர் இருக்கிறது. அப்படியானால் அமைப்பில் கோளாறு இல்லை.

"அக்கா, பெட்டிய யாரும் தொட்டாங்களா?"

"யாரு தொடப் போறா? நான்தான் தொடைச்சேன்."

"எப்ப?"

"நீதானட்டி இப்ப ஆஃப் ஆகி ஆன் ஆகும்னு சொன்னே. ஓடுத மிஷின்ல ஈரத்துணி போடப்படாதுல்லா. அணைஞ்ச நேரமாப் பாத்துத் தொடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா புதுசு ஏத்துத, வெறும் நெத்தியாவா விடச் சொல்லுதே?"

"அப்ப கேபிளக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிப் பொட்டு வைக்க? திரும்ப மாட்டிட்டேன்லா."

"எந்த ஓட்டைல?"

மறுமுனையில் வளையல் பெட்டியில் உரசும் சத்தம்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானட்டி இருக்கு."

இடது பக்கத்து ஓட்டையில் மாட்டும்படி விஜிதா சொன்னாள். நாற்காலி இழுபடும் சத்தம், முனகல், பிறகு டிக்.

"வந்துட்டா?"

விஜிதா திரையைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லக்கா. லைன்லயே இருங்க. சில நேரம் லேட்டாகும்."

ஞானபூரணம் இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள் ஆகையால் பேசினாள். மகள் பூமாரிக்குக் கடையநல்லூரில் தைத்த ரவிக்கை கை ஏறாமல் போனதை, எலுமிச்சை வாடையில் தன் வீட்டுப் பூனை தன்னையே அண்டாததை, ராஜபாளையம் பஸ்ஸில் ஒருத்தி தன் முந்தானையின் மேலேயே உட்கார்ந்து கடைசி வரை வந்ததை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றதும் திட்டினாள். தனியா இருந்தா உலை வைக்கப்படாதுன்னு சட்டமா என்றாள். இடையிடையே வந்துட்டா என்று கேட்டாள். இன்னும் இல்லக்கா என்றாள் விஜிதா. கீழே தறிச் சத்தம் பேச்சை விழுங்காமலிருக்க அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

திடீரென்று ஞானபூரணத்தின் குரல் இறங்கியது.

"மொதலாளி காரு வந்துட்டு. கூட அந்த மலையாளத்தாரும் இறங்குதாரு. நான் என்னத்தச் சொல்ல?"

விஜிதா கண்களை மூடித் திறந்தாள்.

"வந்துட்டுன்னு சொல்லுங்கக்கா."

"நெசமாவா? நல்ல வேளை. வைக்கேன்."

வைத்துவிட்டாள். விஜிதா போனை மேசைமேல் கவிழ்த்தாள். அவளுடைய திரையில் சர்வரின் பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடைவெளியின்றி ஏறிக்கொண்டிருந்தன. மேலே மேலே தள்ளிப் போய் முதல் பதிலைத் தேடினால் அது வெகு தூரத்தில் இருந்தது. கேபிள் டிக்கென்று உட்கார்ந்த அந்த நொடியிலேயே வந்துவிட்டிருந்தது.